இருபத்தோராம் கேள்வியை ஆறுதலாகக் கேளுங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடிதமும் கடைச் சாமான் பட்டியலும்தான். வசனங்கள் கோணல்மாணலாக இருக்கும். மறதியும் கூடிவிட்டது. எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்று இரண்டு நாள் யோசித்துத்தான் இதைத் தொடங்கினேன்.

தர்சிகாதான் விடவில்லை. நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். "அன்ரி, புதுசா மூண்டு பேர் வந்திருக்கினம். நீங்கள் ஒண்டும் சொல்லாமப் போயிட்டியள். அவைக்கு ஒரு பத்துப் பக்கம் எழுதித் தாங்கோவன்," என்றாள். பத்துப் பக்கத்துக்கு என்னிடம் சங்கதி இல்லை. ஒரே ஒரு வீட்டின் கதைதான் இருக்கிறது. அதுவும் எனக்கே இன்னும் முழுதாக விளங்காத கதை.

பிள்ளைகளே, நீங்கள் செய்யும் வேலையை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் இந்தத் தாள் வேறு ஆரின் கையிலாவது போனால் என்று இரண்டு வரி. நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு, லண்டனில் இருக்கும் தமிழ் வீடுகளுக்குத் தொலைபேசி எடுப்போம். தேர்தலில் வாக்குப் போட்டீர்களா, ஆருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று தாளில் உள்ளபடி கேட்டு, பதிலுக்குரிய இலக்கத்தைக் கணினியில் அழுத்துவோம். எங்களுக்கு மத்தியானம் என்றால் அவர்களுக்குப் பின்னேரம், வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம். லண்டன்காரரை லண்டனில் இருந்தே கேட்டால் என்ன என்று நானும் யோசித்ததுண்டு. ஆரிடமும் கேட்கவில்லை.

நான் அப்படித்தான். நேரில் கதைக்கக் கூச்சம். பஸ் என் தரிப்பைத் தாண்டிப் போனாலும் சாரதியிடம் சொல்லமாட்டேன். அடுத்த தரிப்பில் இறங்கி மோர்னிங்சைட் வீதி வழியே திரும்பி நடந்து வருவேன். இந்த வேலையை என்னால் செய்ய முடிந்ததற்குக் காரணம், தொலைபேசியில் முகம் தெரியாது. அதோடு கேள்வியும் என்னுடையதல்ல. தாளில் இருக்கிறது, நான் வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று நாடு முழுவதையும் கேட்டு, விலகுவது என்று முடிவு வந்து சில காலம் ஆன பிறகுதான் எங்களுக்கு அந்தப் பெரிய வேலை வந்தது. அந்த பிறெக்சிற் வாக்கெடுப்பில் எப்படிப் போட்டார்கள், அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் என்ன செய்தார்கள் என்று அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். ஒரு முறை கேட்டால், அடுத்த சுற்று ஒரு வருடம் கழித்தோ கூடவோ வரும்.

கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. கோயில் சபையில் இருக்கும் ஒருவர், "ஐரோப்பாக்காரன் வாறதை நிப்பாட்டினால் எங்கட மேளகாரருக்கு விசா தருவினம்," என்று சொல்லி விலகப் போட்டிருந்தார். இன்னொருவர் பிரான்சில் அகதியாக இறங்கி, அங்கிருந்து லண்டனுக்கு மாறி வந்தவர். அவரும் கதவைப் பூட்டவேணும் என்றார். ஒரு பெடியன், "அப்பா போடுற பார்ட்டிக்கு நான் போடமாட்டன், அவ்வளவுதான் அன்ரி," என்று சொல்லிச் சிரித்தான். முந்தி வீடு முழுக்க ஒரே கட்சிக்குப் போட்ட சனம். பிறெக்சிற்றுக்குப் பிறகு மேல்மாடிக்கு ஒரு கட்சி, கீழ்மாடிக்கு ஒரு கட்சி. அதிலும் கீழே இருப்பவர் கோயிலுக்குப் போகும்போது ஒன்று சொல்வார், மருமகள் பக்கத்தில் நின்றால் வேறொன்று சொல்வார். எந்தப் பெட்டியில் புள்ளடி போட்டாலும் அது பிழையான பெட்டி மாதிரியே எனக்குத் தோன்றும்.

எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயரை எழுதவேண்டாம் என்றிருக்கிறார். நல்ல தமிழ்ப் பெயர். எங்கள் ஊரில் ஒரு தெருவில் மூன்று பேருக்கு இருக்கும். ஆனால் அவர் கயானாவில் பிறந்தவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குப் போன சனம். தமிழ் தெரியாத இவர் எங்கள் ஒலிப்பதிவைக் கேட்டு என்ன பிழை பிடிக்கப்போகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். பிடிப்பார். முதலில் என்னைத்தான் பிடித்தார்.

அது ரூற்றிங் பக்கம் ஒரு வீடு. ஊரையும் தொழிலையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன், ஆரென்று தேடாதீர்கள். பெற்றோல் ஸ்ரேசன் நடத்தி ஓய்வெடுத்த ஒரு மனிதர் எடுத்தார்.

"ரொறன்ரோவில இருந்தோ? எங்கட எலெக்சனை வைச்சு அங்க என்ன செய்யப்போறியள், புட்டோ அவிக்கப்போறியள்?"

"எனக்குத் தெரியாது அண்ணை. கேள்வி தந்திருக்கினம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி எழுதுங்கோ தங்கச்சி. இந்த வீட்டில நானும் மனிசியும் மகளும், மூண்டு வோட்டு. மூண்டும் லீவ்."

லண்டன் தமிழர் விலகுவதை 'லீவ்' என்றும் இருப்பதை 'ரிமெயின்' என்றும்தான் சொல்வார்கள். காரணம் கேட்டேன். குரல் ஏறியது.

"நான் விசாவுக்கு எத்தினை வருசம் காத்துக்கிடந்தனான் தெரியுமோ? மனிசியைக் கூப்பிட இன்னும் எத்தினை வருசம்? உவங்கள் போலந்தில இருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாறாங்கள், திங்கக்கிழமை வேலைக்குப் போறாங்கள். உது என்ன நியாயம்? சொல்லுங்கோ பாப்பம்!"

நான் சொல்லக்கூடாது. அதற்குரிய இலக்கத்தை அழுத்தினேன். பிறகு மனைவிக்கும் மகளுக்கும் உரிய படிவங்களையும் அவரையே கேட்டு நிரப்பிவிட்டேன்.

எனக்கு அது பிழையாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் தேர்தல் காலத்தில் படலையில் நின்று, "உங்கட வீட்டில எத்தினை வோட்டு?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஐயா, என் தகப்பன், எண்ணிச் சொல்வார். கலியாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார், நான் புள்ளடி போட்டேன். கனடாவில் குடியுரிமை எடுத்த பிறகும் ஆருக்குப் போடவேண்டும் என்று காரில் போகும்போதே இவர் பெயர் சொல்லித் தருவார். இவர் செத்த பிறகு வந்த முதல் தேர்தலில் பள்ளிக்கூட மண்டபத்தில் அந்த மட்டைத் தடுப்புக்குப் பின்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆருக்குப் போட்டேன் என்று என் மகனுக்கு இன்றுவரை தெரியாது.

மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு மூன்று படிவத்தையும் காட்டினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"இதில் எத்தனை பேருடைய குரல் இருக்கிறது?"

"ஒன்று."

"மற்ற இரண்டு பேரும் ஊமையா?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உன் பாஷை எனக்குத் தெரியாது. எத்தனை குரல், எவ்வளவு நேரம் பேசுகிறது, எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறது, இது மட்டும்தான் எனக்குத் தெரியும். வாக்குப் போடும் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பேரை ஒன்றாக விடுவார்களா? இல்லையே. மூன்றையும் அழித்துவிட்டு, அப்படியே நீயும் ஒவ்வொருவராகக் கேள்."

இதை முதலில் மனதில் வையுங்கள், பிள்ளைகளே. எங்கள் சனத்தில் தொலைபேசியை எடுப்பவர் வீட்டுக்கே பதில் சொல்லிவிடுவார். அன்போடுதான் சொல்வார். விடாதீர்கள்.

திரும்ப எடுத்தபோது முதலில் மனைவிதான் கிடைத்தா. "லீவ்தான் அக்கா. இவர் சொன்னவர், போட்டன். எனக்கென்ன தெரியும்?" என்று நேரே சொன்னா. எனக்கு அந்தப் பதில் நன்றாக விளங்கியது. நானும் அப்படி இருந்தவள்தானே.

அடுத்த நாள் அவரைப் பிடித்தேன். இந்த இடத்தில் என்னுடைய இரண்டாவது பிழையையும் சொல்லவேண்டும். வயது போனவர்கள் கூடுதலாக விலகவும், இளையவர்கள் கூடுதலாக இருக்கவும் போட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு புள்ளிவிபரப் படம் கீறிக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த நாளில் இருந்து, குரல் கிழடு என்றால் என் விரல் தானாகவே லீவுக்குப் போய்விடும், பதில் வருமுன்பே. அன்றும் அழுத்திவிட்டேன்.

கேள்வியை வாசித்தது அதற்குப் பிறகுதான். அவர் மெதுவாக, "தங்கச்சி, நான் இப்ப கோயில் கார் பார்க்கில இருக்கிறன். மனிசி உள்ளுக்க. உது ஆருக்கும் தெரியவருமோ?" என்றார்.

தாளில் இருந்த உறுதிமொழியை வாசித்தேன். உங்கள் பதில் வேறு எவருக்கும், உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும்கூட, தெரிவிக்கப்பட மாட்டாது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தரம் பாடமாக ஒப்புவிக்கிற வசனம் அது.

"இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

"அப்ப ரிமெயின் எண்டு போடுங்கோ."

என் விரல் லீவில் இருந்தது. "அண்டைக்கு மாத்திச் சொன்னியள்," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லக்கூடாது. அதுவும் பிழை.

"சொன்னனான். கோயிலில, வாட்ஸப்பில, போற வாற இடமெல்லாம் கத்தினனான். உள்ளுக்க போய்ப் பென்சிலைக் கையில எடுக்க, பிள்ளையின்ர முகம் முன்னுக்கு வந்து நிண்டுது. இனி இந்த நாட்டில இருக்கப்போறது நானோ, அவளோ? அவளின்ர பக்கம் போட்டுட்டு வந்திட்டன்."

அவரே தொடர்ந்தார்.

"முடிவு வந்த அண்டைக்கு அவள் வந்து நிண்டு கத்தினாள், 'என்ர வாழ்க்கையை வித்துப்போட்டியள் அப்பா' எண்டு. நான் லீவ் போடேல்லை எண்டு சொல்லுவமெண்டால் வாய் வருகுதில்லை. சொன்னாலும் ஆர் நம்புறது? பயந்து பொய் சொல்லுறார் எண்டுவாள். மஞ்செஸ்ரருக்குப் போயிட்டாள். என்ர போனை எடுக்கிறதில்லை. நம்பர் தாறன், நீங்கள் கேளுங்கோ. உங்களுக்கெண்டாலும் கதைக்கட்டும்."

பிறகு வந்த தேர்தலைப் பற்றிக் கேட்டேன். போடவில்லை என்றார். "வெளியில ஒரு கதை, உள்ளுக்க ஒரு கதை எண்டு இன்னொருக்காத் திரிய ஏலாது, தங்கச்சி. போறதை விட்டிட்டன்."

மகளுக்கு எடுத்தேன். எடுத்தவுடனேயே, "இந்த நம்பர் ஆர் தந்தது? அப்பாவோ?" என்றாள். ஓம் என்றேன், அதைச் சொல்லலாம். "அவர் லீவ்தானே சொன்னவர்? ஐ நோ. சொல்லுங்கோ அன்ரி."

"ஆரின்ர பதிலையும் ஆருக்கும் சொல்லக்கூடாது பிள்ளை."

"ஃபைன். கேளுங்கோ."

இந்த முறை விரலை மடியில் வைத்துக்கொண்டேன். வாக்கெடுப்பில் வாக்களித்தீர்களா என்று வாசித்தேன். பதில் வரவில்லை. அறையில் மற்றப் பிள்ளைகள் பஞ்சாபியிலும் வங்காளியிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கூச்சக்காரிக்கு அது ஒரு கஷ்டமான வேலை இல்லை.

"இல்லை," என்றாள்.

பிறகு தானாகவே வந்தது. "எனக்கு அப்ப லீட்ஸில ஒரு கோர்ஸ். போஸ்ட்டல் வோட் ஃபோமை அப்பாதான் கொண்டு வந்து பிரிட்ஜில ஒட்டினவர். 'நிரப்பி அனுப்பு, நிரப்பி அனுப்பு' எண்டு ஒவ்வொரு நாளும் சொன்னவர். தன்ர பக்கம் போடமாட்டன் எண்டு தெரிஞ்சும் சொன்னவர். நான் அனுப்பேல்லை. எல்லாரும் நாங்கள்தான் வெல்லுவம் எண்டவை. வந்து நேரில போடுவமெண்டு இருந்தன், அண்டைக்கு ட்ரெயினையும் விட்டிட்டன். அடுத்த நாள் வந்து அவரைத் திட்டினன், பாருங்கோ, அப்பிடிப் பேசினன் அன்ரி."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அதுக்குப் பிறகு ஒரு எலெக்சனும் விடேல்லை. கவுன்சில் எலெக்சனுக்கும் முதல் ஆளாப் போய் நிக்கிறன். ஆனால் அண்டைக்குப் போடேல்லை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, ப்ளீஸ்."

எனக்கு மூளை குழம்பிப்போனது. லீவ் என்று ஊரெல்லாம் கத்தியவர் ரிமெயின் போட்டிருக்கிறார். ரிமெயின் என்று அழுதவள் போடவே இல்லை. அந்த வீட்டில் விழுந்த ஒரேயொரு லீவ், சொன்னதைக் கேட்டு நடந்த மனைவியுடையது. எப்போதும் போட்ட கிழவர் இப்போது போவதில்லை. போகாத பிள்ளை இப்போது முதல் ஆளாகப் போகிறாள். இதையெல்லாம் நான் மூன்று வரியில் இலக்கமாக அழுத்தினேன். புள்ளிவிபரப் படம் போடுபவர்களுக்கு அந்த வீட்டில் ஒரு சண்டை இருந்ததே தெரியப்போவதில்லை. அந்தச் சண்டைக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஒலிப்பதிவை மேற்பார்வையாளர் கேட்டார். "இந்த இடத்தில் நீ காத்திருந்தாய்," என்றார். "புதிதாக வந்தவர்கள் 'ஹலோ ஹலோ' என்று கெடுத்துவிடுவார்கள். ஒன்று சொல்கிறேன். கேள்வியில் ஒரு சொல்லையும் மாற்ற உனக்கு உரிமை இல்லை. ஆனால் கேள்விக்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது என்பது உன் கையில் இருக்கிறது."

எனக்கு ஆரும் பாராட்டுச் சொன்னது குறைவு. அதனால் அது அப்படியே மனதில் நிற்கிறது.

இதற்குப் பிறகு ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ போனது. ஒன்றும் மாறவில்லை. அவர் போடவில்லை என்பார், அவள் போட்டேன் என்பாள், மனைவி இவரைக் கேளுங்கோ என்பா. பிறகு வந்த சுற்றில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள், இருபத்தோராம் கேள்வி. "நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்பதைப் பற்றி உங்கள் வீட்டாருடன் பேசியிருக்கிறீர்களா?" ஓம், இல்லை, சொல்ல விருப்பமில்லை. மூன்று பெட்டி.

அந்த வீட்டுக்கு எடுத்தபோது மனைவி எடுத்தா.

"ஆர், கனடா அக்காவோ? நல்லதாப் போச்சு. இவர் குளிக்கிறார்." குரலைத் தாழ்த்திக்கொண்டா. "அக்கா, மகளுக்கு வாற மாசம் பிள்ளை பிறக்கப்போகுது. தலைப்பிள்ளை. நான் போய் நிண்டு பத்தியம் சமைச்சுக் குடுக்கவேணும். தேப்பன் வரவேண்டாமாம். 'அம்மா மட்டும் வாங்கோ' எண்டுறாள். இவர் கேட்டிட்டுப் பேசாமல் போய் ரீவியைப் போட்டுட்டு இருக்கிறார். பேரப்பிள்ளையைப் பாக்காமலே போய்ச் சேர்ந்திடுவாரோ எண்டு பயமாக் கிடக்கு."

நான் ம் என்றேன்.

"நீங்கள் இவரிட்டையும் கேட்டனியள், அவளிட்டையும் கேட்டனியள். எனக்கு இவரில ஒரு சந்தேகம் கன நாளா இருக்கு. இவர் உண்மையில என்ன போட்டவர்? ஒரு சொல் சொல்லுங்கோ. நான் அவளுக்குச் சொல்லி, எல்லாத்தையும் சரிக்கட்டிப்போடுவன்."

என் கணினித் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவருக்குத் தமிழ் விளங்காது. நான் ஒரு சொல் சொன்னால் அது ஒரு குரல், ஒரு வினாடி, அவ்வளவுதான். ஆருக்கும் தெரியவராது. அந்தச் சொல் என் நாக்கில் வந்து நின்றது. பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், நான் வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது கார் பார்க்கில் அந்த மனிதர், "இன்னொருக்கா வாசியுங்கோ" என்று கேட்டது ஞாபகம் வந்தது. இரண்டு தரம் வாசித்தேனே.

"எனக்குச் சொல்ல ஏலாது தங்கச்சி."

"உங்களுக்கும் பிள்ளையள் இருக்குத்தானே?"

"இருக்கு."

"கேள்வி கேக்க மட்டும் வாய் இருக்கு, பதில் சொல்ல வாயில்லை! என்ன வேலையோ உது!"

அவ சொன்னது நியாயம். "அவர் குளிச்சிட்டு வரட்டும், நான் லைனில நிக்கிறன்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்தார். இருபது கேள்வியும் வழமைபோலப் போனது. இருபத்தோராவதை வாசித்தேன்.

"இல்லை," என்றார் உடனே.

நான் இலக்கத்தை அழுத்தி அடுத்ததற்குப் போயிருக்கவேண்டும். அழுத்தவில்லை. பேசாமல் இருந்தேன். அங்கே குசினியில் ஏதோ கரண்டிச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மனைவி கேட்டுக்கொண்டு நிற்கிறா என்று விளங்கியது.

"தங்கச்சி, லைனில நிக்கிறியளோ?"

"ஓம் அண்ணை."

"அடுத்ததைக் கேளுங்கோவன்."

ஒரு கேள்வியை ஒரு தரம் திருப்பி வாசிக்க எங்களுக்கு அனுமதி இருக்கிறது. "இதை இன்னொருக்கா வாசிக்கிறன் அண்ணை," என்று சொல்லி, ஒரு சொல்லையும் மாற்றாமல், குழந்தைப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக வாசித்தேன். நீங்கள். எப்படி. வாக்களித்தீர்கள். என்பதைப் பற்றி. உங்கள். வீட்டாருடன்.

முடித்துவிட்டுத் திரும்பவும் பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் பிறகு எண்ணிச் சொன்னார், மறந்துவிட்டேன்.

"இல்லை எண்டு போடாதேங்கோ," என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "இன்னும் இல்லை எண்டு போடுங்கோ. அப்பிடி ஒரு பெட்டி இருக்கோ?"

"இல்லை அண்ணை. மூண்டுதான் இருக்கு."

"அப்ப ஒண்டும் போடாமல் விடுங்கோ." வைத்துவிட்டார்.

வெறும் பெட்டியோடு படிவம் போனது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"சொல் ஏதாவது மாற்றினாயா?"

"இல்லை."

"அவர் என்ன சொன்னார்?"

"இல்லாத ஒரு பெட்டியைக் கேட்டார்."

"நீ திருப்பி வாசித்தது விதிப்படி சரி," என்றார். "ஏன் திருப்பி வாசித்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதை நீயே கேட்டுக்கொள்." பிறகு அந்தப் படிவத்தில் ஒரு பிழைக் குறி போட்டார்.

நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு மனிதரை யோசிக்க விடுவதும், அவரை ஒரு பக்கம் தள்ளுவதும் எங்கே பிரிகிறது? நான் விதியைக் காத்தேனா, விதிக்குள் ஒளிந்துகொண்டு மற்றவர் வீட்டில் கை வைத்தேனா? வயது போனால் இப்படியான கேள்விகள் தெளியும் என்று சொல்வார்கள். எனக்குத் தெளியவில்லை. உங்களில் ஆருக்காவது விளங்கினால் எனக்கும் சொல்லுங்கள்.

மகள் அந்தச் சுற்றில் கனநாள் எடுக்கவில்லை. பட்டியலை மூடுவதற்குக் கொஞ்சம் முன்புதான் எடுத்தாள். பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேலால் ஒரு ஆண் குரல், சுருதியே இல்லாமல், "ஓராரோ, ஓராரோ" என்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

"அன்ரி, அப்பா சொல்லிப்போட்டார்," என்றாள், நான் கேள்வி தொடங்குமுன்பே. "அம்மா இப்ப அவரோட கதைக்கிறாவில்லை. 'என்னைப் போட வைச்சிட்டுத் தான் மட்டும் மாத்திப் போட்டிருக்கிறார் கள்ளன்' எண்டு ஒரே சண்டை." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனால் எனக்கு நம்புறதோ விடுறதோ தெரியேல்லை. பேபியைப் பாக்கிறதுக்காகச் சொல்லுறாரோ? உங்களிட்டை எழுதியிருக்குத்தானே. ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, ஒரே ஒரு சொல்."

இரண்டாம் முறை. அதே சொல். இந்த முறை அது நல்லதைத்தான் செய்யும் என்று தெரிந்தும்.

"எனக்குச் சொல்ல ஏலாது பிள்ளை."

"நீங்கள் இல்லை எண்டும் சொல்லேல்லை," என்றாள்.

நான் கேள்விகளுக்குப் போனேன். இருபத்தோராவது வந்தது.

"அவர் தன்ரதைச் சொல்லிப்போட்டார். நான் என்ரதைச் சொல்லேல்லை. அப்ப ஓமோ, இல்லையோ?"

"நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் எண்டுதான் கேள்வி கேக்குது பிள்ளை."

குழந்தையின் அழுகை குறைந்துவிட்டது. அந்தச் சுருதியில்லாத பாட்டு மட்டும் கேட்டது. அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள் போல.

"அப்ப இல்லை எண்டு போடுங்கோ," என்றாள். "அடுத்த முறை கேளுங்கோ அன்ரி."

அடுத்த முறைக்கு நான் இல்லை. காது சரியாகக் கேட்காமல் போய், வேலையை விட்டுவிட்டேன். அந்தச் சுற்று இந்த வருடம் உங்களுக்குத்தான் வருகிறது என்று தர்சிகா சொன்னாள். அந்தப் பிள்ளையின் எண் இன்னும் பட்டியலில் இருக்கும். எது என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் பேரில் ஒருத்தியாக வருவாள், ஒரு இளம் குரல், கொஞ்சம் அவசரம். அதனால் ஒன்று செய்யுங்கள். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் ஆறுதலாக, அவசரப்படாமல், கேளுங்கள். கேட்டுவிட்டு, விரலை மடியில் வையுங்கள்.

தர்சிகா, நான் எழுதியதை ஒருக்கால் சரிபார்த்துவிடு. அது இருபத்தோராம் கேள்விதானா, இருபத்திரண்டா என்று எனக்கு உறுதியில்லை. உறுதிமொழியின் வசனமும் தாளில் உள்ளபடியே வந்திருக்கிறதா என்று பார். சுற்றுகளின் கணக்கும் பிழையாக இருக்கலாம். பிழை கண்டால் திருத்து. அந்தப் பிள்ளை இந்தச் சுற்றில் என்ன பதில் சொன்னாள் என்பதை மட்டும், நானே வந்து கெஞ்சிக் கேட்டாலும், எனக்குச் சொல்லாதே.